மவுத் ஆர்கன்: இரண்டாம் துளையை இழுத்தால் சத்தம் வரவில்லை (மாற்றி வாங்கிய பீஸிலும்!)

பழைய_ஆர்மோனியம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 54. சின்ன வயதில் ஆறு வருடம் ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன். அப்புறம் வேலை, குடும்பம் என்று விட்டுப்போனது. பெட்டியும் கைமாறிப் போய்விட்டது. போன மாதம் என் பிறந்தநாளுக்கு மகள் ஒரு மவுத் ஆர்கன் வாங்கிக் கொடுத்தாள். பத்துத் துளை, சி சுருதி. "உள்ளே இருப்பதும் ரீடுதான்மா, உனக்கு ஒரே நாளில் வந்துவிடும்" என்றாள். (ரீடு என்றால் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு.) ஐந்து வாரம் ஆகிறது.

இரண்டாம் துளையில் ஊதினால் காந்தாரம் கணீரென்று வருகிறது. அதே துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் ஒன்றுமே இல்லை. பலமாக இழுத்தால் தொண்டை கட்டியவர் பாட முயல்வது போல ஒரு முனகல். மூன்றாம் துளையை இழுத்தால் சத்தம் வருகிறது, ஆனால் நிஷாதம் அரை ஸ்வரம் இறங்கித்தான் கேட்கிறது. நான்கிலிருந்து பத்து வரை குறை சொல்ல முடியாது.

குறையுள்ள பீஸ் என்று நினைத்து விற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பினோம். "தண்ணீரில் போட்டீர்களா?" என்று கேட்டு மூன்று வாரம் இழுத்தடித்த பிறகு புதிது அனுப்பினார்கள். ஆசையாகப் பிரித்து ஊதினால் அதே இரண்டாம் துளை, அதே முனகல்! மறுபடியும் திருப்பி அனுப்ப வெட்கமாக இருக்கிறது. ஒரே துளை இரண்டு பீஸிலும் கெட்டுப்போகுமா?

இன்னொன்று. கீழ் ஸ்தாயியில் மத்யமமும் தைவதமும் எங்கே? தடவித் தடவிப் பார்த்துவிட்டேன், இல்லவே இல்லை. ஆனால் பஞ்சமம் இரண்டு இடத்தில் இருக்கும் போலத் தெரிகிறது. இதை வடிவமைத்தவருக்குத் தூக்கக் கலக்கமா?

கிடார்_பையன்:

ரீடு போச்சு ஆன்ட்டி. மலிவு மாடல் எல்லாமே இப்படித்தான். ஒரே பேட்ச்சில் வந்திருக்கும். மேல்மூடியைக் கழற்றி அந்த ரீடை ஒரு ஊசியால் லேசா தூக்கி விடுங்க, சரியாயிடும். என்கிட்ட இருக்கிறதுல நாலாம் துளை ஊதினா வராது, நான் அதைக் கண்டுக்கிறதே இல்ல.

துருத்தி:

அம்மா, ஊசியைக் கீழே வையுங்கள். தம்பி சொன்னதைச் செய்து விடாதீர்கள்.

முப்பது வருடமாக ஆர்மோனியமும் அக்கார்டியனும் ரிப்பேர் செய்கிறேன். மவுத் ஆர்கன் கைக்கு வந்தால் அதையும் பார்ப்பேன். "இரண்டாம் துளை இழுத்தால் வரவில்லை" என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் ஒரு கூட்டமே உண்டு. வாங்கி, நான் இழுத்துக் காட்டுவேன். கணீரென்று வரும். அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு முறை வாத்தியத்தில் குறை இருக்காது. உங்கள் கதையிலும் இரண்டாவது பீஸே சாட்சி சொல்லிவிட்டது.

முதலில் ஒரு சோதனை. சி சுருதி பெட்டியில் இரண்டாம் துளை இழுப்பதும் மூன்றாம் துளை ஊதுவதும் ஒரே பஞ்சமம். போனில் ட்யூனர் போட்டுக்கொண்டு மூன்றை ஊதுங்கள், ஜி என்று காட்டும். அப்புறம் இரண்டை இழுங்கள். முள் ஜி-க்குக் கீழே எஃப் ஷார்ப் பக்கம் தொங்கினால் ரீடு நலம், உங்கள் வாய்தான் அதைக் கீழே அமுக்குகிறது. மேளம் அடிக்கத் தெரியாதவன் மேளத்தைக் குறை சொன்னான் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பு உங்கள் மேலும் இல்லை, பழக்கத்தின் மேல்தான்.

ஆர்மோனியத்தில் காற்று ஒரே திசையில்தான் போகும். ஒரு கட்டை, அதற்கு அடியில் அதன் ரீடு. கையால் துருத்தியை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் கூடுமே தவிர ஸ்வரம் பெரிதாக நகராது. மவுத் ஆர்கனில் ஒரு துளைக்குள் இரண்டு ரீடு குடியிருக்கிறது. ஒன்று ஊதினால் பேசும், ஒன்று இழுத்தால் பேசும். மேல் தகட்டில் இருப்பது ஊதும் ரீடு, அது உள்பக்கம் பார்த்து நிற்கும். கீழ்த் தகட்டில் இருப்பது இழுக்கும் ரீடு, அது வெளிப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே காற்றறை. அந்தக் காற்றறையின் நீட்சிதான் உங்கள் வாய், தொண்டை எல்லாம். நாக்கு பின்னால் போய் தொண்டை இறுகினால் வாய்க்குள்ளிருக்கும் காற்று வேறு ஸ்வரத்துக்கு இசைய ஆரம்பித்துவிடும். இழுக்கும் ரீடு அதோடு போராடிக் கீழே இறங்கும், சும்மா இருந்த ஊதும் ரீடு எழுந்து கலந்துகொள்ளும். இதற்குப் பெயர் பெண்டிங். பிறர் வருடக்கணக்கில் பழகுவதை நீங்கள் தெரியாமலே அரைகுறையாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்!

கீழ்த் துளைகளில்தான் இது அதிகம் நடக்கும். நீளமான, சோம்பேறி ரீடுகள். பலமாக இழுத்தால் பயந்து நின்றுவிடும். அதனால் பலம் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று துளைகளைச் சேர்த்து வாயை அகலமாக வைத்து, சூடான எதையோ வாயில் போட்டுவிட்டு "ஹா" என்று காற்றை உள்ளே வாங்குவோமே, அப்படி இழுங்கள். மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். ஒலி நிற்காமல் மெல்ல உதட்டைக் குறுக்கி இரண்டில் மட்டும் நில்லுங்கள். தாடை கீழே தொங்கட்டும். ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டும் இழுத்துப் பாருங்கள். சிலருக்கு மூக்கு வழியாகப் பாதிக் காற்று போய்விடும், அவர்களுக்கே தெரியாது.

மத்யமம், தைவதம் பற்றிக் கேட்டீர்களே, வடிவமைத்தவருக்குத் தூக்கக் கலக்கம் இல்லை. சோதனை செய்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

கிடார்_பையன்:

அப்போ ரீடைத் தூக்கவே கூடாதா அண்ணா?

துருத்தி:

தூக்கலாம் தம்பி, தெரிந்து தூக்க வேண்டும். ரீடின் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள், கிட்டத்தட்ட ரீடின் கனம் அளவு. அது கூடிவிட்டால் காற்று வீணாகும், குறைந்துவிட்டால் ரீடு மூச்சு முட்டி நின்றுவிடும். ஊசியை வைத்து நெம்பினால் ரீடு முறுக்கிக்கொண்டு துளையின் ஓரத்தில் உரசும். அப்புறம் அது "கிர்ர்" என்று கத்திக்கொண்டே இருக்கும். தகட்டுக்கும் ரீடுக்கும் நடுவில் இருக்கும் சந்து அவ்வளவு பொடிசு.

என் முதல் வருடத்தில் ஒருவரின் பெட்டியில் ஒரு ஸ்வரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏற்ற வேண்டும். ரீடின் நுனியில் சுரண்டினால் நுனி இலேசாகும், வேகமாக ஆடும், ஸ்வரம் ஏறும். ஆணி அடித்த அடிப்பக்கம் சுரண்டினால் ரீடு தொளதொளவென்று ஆகி ஸ்வரம் இறங்கும். எனக்கு இரண்டும் தெரியும். ஆனால் தகட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டச் சுரண்ட இறங்குகிறது, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நான் விடவில்லை. கடைசியில் ரீடு உடைந்து கையோடு வந்துவிட்டது. அதை ஒரு சின்ன டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறேன்.

பழைய_ஆர்மோனியம்:

ஐயா, சோதனை செய்துவிட்டேன். மூன்றை ஊதினால் ஜி, முள் நட்ட நடுவில். இரண்டை இழுத்தால் எஃப் ஷார்ப்புக்கும் ஜி-க்கும் நடுவில் கிடந்து தவிக்கிறது! பார்த்ததும் சிரித்துவிட்டேன். விற்றவர்களிடம் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

நீங்கள் சொன்னபடி மூன்றையும் சேர்த்து இழுத்தேன். அழகாக ஒலிக்கிறது, சுருதிப் பெட்டியைத் திறந்தது போல. குறுக்கிக்கொண்டே வந்தால் இரண்டுக்குப் போகும்போது மறுபடி முனகல். பத்தில் ஒரு முறை சரியாக வருகிறது. அந்த ஒரு முறையில் வரும் நாதம் இருக்கிறதே!

இப்போது மத்யமத்துக்கு வாருங்கள்.

துருத்தி:

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள், "சுருதிப் பெட்டி போல" என்று.

இந்த வாத்தியக் குடும்பம் ஐரோப்பாவில் பிறந்தபோதே ராகம் வாசிக்கப் பிறக்கவில்லை, கார்டு பிடிக்கப் பிறந்தது. 1829-இல் வியன்னாவில் சிரில் டெமியான் என்பவர் காப்புரிமை வாங்கிய அக்கார்டியனில் ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு ஸ்வரம் வராது, மூன்று நான்கு ஸ்வரம் சேர்ந்து ஒரு கார்டாகவே வரும். அக்கார்டியன் என்ற பெயரே அங்கிருந்துதான். இழுத்தால் ஒரு கார்டு, தள்ளினால் வேறு கார்டு. உங்கள் பத்துத் துளையும் அதே சிந்தனைதான். எந்த மூன்று துளையை வேண்டுமானாலும் சேர்த்து ஊதுங்கள், ஸ-க-ப தவிர வேறு எதுவும் வராது. தப்பாக ஊதவே முடியாது. கீழே ஒன்று முதல் நான்கு வரை சேர்த்து இழுத்தால் ரி-ப-நி-ரி. அதாவது பஞ்சமத்தின் மேல் கட்டிய கார்டு. ஒரு சாதாரணப் பாட்டுக்குப் பின்னணி பிடிக்க இந்த இரண்டு கார்டு போதும். அந்த இழுப்புக் கார்டுக்காகத்தான் பஞ்சமத்தை இரண்டாம் துளையில் இன்னொரு முறை வைத்தார்கள். மத்யமத்துக்கும் தைவதத்துக்கும் அங்கே இடமில்லாமல் போனது. மறந்துவிடவில்லை, விலை கொடுத்திருக்கிறார்கள்.

ரீடு நம் பக்கத்து உலகத்துக்குப் புதிதும் இல்லை. சீனாவின் ஷெங், லாவோஸின் கேன் எல்லாம் இதே ரகம், ஐரோப்பா கண்விழிப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால். மூங்கில் குழாய்க்குள் ஒரு தனி ரீடு, ஊதினாலும் இழுத்தாலும் அதே ஸ்வரம். கேனில் மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே ஊதியும் நிற்காமல் வாசிப்பார்கள்.

ஆறாம்_துளை:

துருத்தி ஐயா சொன்னதற்கு ஒரு வால். இல்லாத மத்யமமும் தைவதமும் உண்மையில் இருக்கிறது அம்மா, ஒளிந்திருக்கிறது. இப்போது தெரியாமல் செய்கிறீர்களே, அந்த வளைப்பு, அதைத் தெரிந்து செய்தால் இரண்டாம் துளையில் இழுத்து ஒரு முழு ஸ்வரம் இறக்கும்போது மத்யமம் வரும். மூன்றாம் துளையில் நிஷாதத்தை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் தைவதம். இழுக்கும் ரீடு அந்தத் துளையின் ஊதும் ரீடுக்கு ஒரு அரை ஸ்வரம் மேலே வரை இறங்கும், அவ்வளவுதான் எல்லை. இரண்டில் ப-க்கும் க-வுக்கும் நடுவில் இடம் இருக்கிறது, மூன்றில் நி-க்கும் ப-வுக்கும் நடுவில் இன்னும் நிறைய. ஐந்தாம் துளையில் ம-வும் க-வும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, அங்கே நகரவே இடமில்லை. அதைப் போய் வளைக்க முயன்று நான் ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

இது சுத்தமாக வர ஒரு வருடம் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம், நடு ஸ்தாயி இருக்கிறது. ஆர்மோனியம் வாசித்தவர் நீங்கள், இதைக் கேட்டால் பிடிக்கும். 4 ஊது முதல் 7 ஊது வரை சங்கராபரணம் என்று ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பீர்கள். நான்காம் துளையை இழுத்து அதையே ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள்: 4 இழு, 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு. கரகரப்பிரியா! ஒரு வளைப்பும் தேவையில்லை. அப்புறம் ஆறை ஊதி அதை ஸட்ஜமாக்குங்கள்: 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு, 8 ஊது, 9 இழு, 9 ஊது. ஹரிகாம்போதி. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, ஸட்ஜத்தை இடம் மாற்றி கிரக பேதம் பார்ப்போமே, அதே விளையாட்டுதான், உதட்டால்.

ஆர்மோனியத்தில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, படிக்கட்டில் இறங்குவது போல இறங்கத்தான் முடியும். மவுத் ஆர்கனில் இழுத்து வளைக்கும்போது அந்த வழுக்கல் கிடைக்கிறது. உங்கள் மூன்றாம் துளை "இறங்கி ஒலிக்கிறது" என்றீர்களே, அது ஒரு நாள் உங்களுக்குச் சொத்து.

பழைய_ஆர்மோனியம்:

கரகரப்பிரியா வந்துவிட்டது!! இரவு பதினொன்றரைக்கு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். மகள் எழுந்து வந்து, "அம்மா, அது நிஜமாகவே பாட்டு மாதிரி இருக்கிறது" என்றாள். இத்தனை நாள் எது மாதிரி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடறுகிறேன். ஆறு வரை ஊதினால் கீழ் ஸ்வரம், இழுத்தால் மேல் ஸ்வரம். ஏழில் திடீரென்று தலைகீழ், இழுத்தால் நி, ஊதினால் ஸ. இது எதற்கு?

துருத்தி:

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஊதும் பக்கம் ஒரு ஸ்தாயிக்கு ஸ, க, ப என்று மூன்று. இழுக்கும் பக்கம் ரி, ம, த, நி என்று நான்கு. மூன்று கால் வைத்தவனும் நான்கு கால் வைத்தவனும் ஒரே வரிசையில் நடந்தால் ஸ்தாயிக்கு ஒரு துளை வீதம் ஒருவன் பின்தங்கத்தானே வேண்டும்? ஏழில் பின்தங்கியது தெரியவருகிறது. அதே கணக்கில்தான் உச்சியில் பத்தாம் துளையோடு இடம் முடிந்து, மேல் ஸ்தாயி நிஷாதம் வெளியே நின்றுவிட்டது. அங்கே ஊதி வளைத்தால் கிடைக்கும், ஏழுக்கு மேல் வளைப்பும் தலைகீழ்.

இந்த இடறலே வேண்டாம் என்பவர்களுக்கு வேறு அடுக்கு உண்டு. நான்கு துளையில் எட்டு ரீடு: ஊதினால் ஸ-க-ப-ஸ, இழுத்தால் ரி-ம-த-நி. கணக்குத் தீர்ந்தது, ஸட்ஜம் மட்டும் ஒன்று உபரி. கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டிப் பெட்டி இப்படித்தான் இருக்கும். 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்தில் வால்டர் ஷிரா ஒளித்து எடுத்துப்போய் வாசித்தாரே, அதுவும் அந்தக் குட்டிதான். பக்கவாட்டில் பொத்தான் வைத்த குரோமாட்டிக் மவுத் ஆர்கன், இதே நான்கு துளையை மூன்று முறை அடுக்கி, பொத்தானை அமுக்கினால் எல்லாம் அரை ஸ்வரம் ஏறும்படி செய்தது. பன்னிரண்டு துளை, 48 ரீடு, எந்த ஸ்வரமும் விட்டுப்போகாது. ஜாஸ் மவுத் ஆர்கன் கலைஞர் டூட்ஸ் தீல்மன்ஸ் வாசித்தது அந்த ரகம். ஆனால் கார்டு பிடிக்கும் சுகம் அதில் குறைவு. தவிர, உள்ளே காற்று வீணாகாமல் இருக்கப் பொடிப்பொடியாக வால்வு ஒட்டியிருப்பார்கள், குளிரில் எச்சில் ஈரம் பட்டு அது ஒட்டிக்கொள்ளும். வாசிப்பதற்கு முன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் சூடு காட்ட வேண்டும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் துளையைக் கைவிட்டு ஓடுவது போல ஆகிவிடும்.

கிடார்_பையன்:

அண்ணா ஒரு சந்தேகம். எங்க வீட்டுல இரண்டு வரிசை துளை உள்ள ஒண்ணும் இருக்கு, ஊதினா அலை அலையா வருது. அதுல பெண்டிங் வரவே மாட்டேங்குது.

துருத்தி:

வராது தம்பி. அது ட்ரெமொலோ. ஒரு ஸ்வரத்துக்கு மேலும் கீழுமாக இரண்டு ரீடு, இரண்டையும் வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துச் சுருதி சேர்த்திருப்பார்கள். ஒன்று நொடிக்கு 440 ஆடினால் மற்றது 444. அந்த நான்கு வித்தியாசம்தான் நொடிக்கு நான்கு அலையாகக் காதில் விழுகிறது. அக்கார்டியனில் வரும் அந்த நடுங்குகிற நாதமும் இதே தந்திரம்தான். ஆனால் உன் பெட்டியில் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் தனித்தனி அறையில் குடியிருக்கிறது. பக்கத்தில் துணை ரீடு இல்லாததால் வளைக்க வழியில்லை.

அக்கார்டியன் என்றதும் ஒன்று. யாராவது வைத்திருந்தால் வெயிலில் பூட்டிய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் ரீடுத் தகடுகளைத் தேன்மெழுகும் ரோசின் என்ற மரப்பிசினும் கலந்து ஒட்டியிருப்பார்கள். நானே ஒரு மதியம் மறந்து விட்டுவிட்டேன், அதுவும் வேறொருவருடையது. சாயங்காலம் தூக்கினால் உள்ளே கடகடவென்று உருளுகிறது. திறந்து பார்த்தால் ஏழு தகடு துருத்தியின் அடியில் கிடக்கிறது, எது எந்த இடம் என்று தெரியாமல். ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து இடம் கண்டுபிடித்து, மெழுகு காய்ச்சி ஒட்டி முடிக்க மூன்று ராத்திரி ஆனது. உரியவரிடம் "சுருதி பார்த்தேன், அதான் தாமதம்" என்று சொல்லிவிட்டேன்.

சரி, உன் நாலாம் துளை ஊதினால் வரவில்லை என்றாயே. பெட்டியை எங்கே வைப்பாய்?

கிடார்_பையன்:

ஜீன்ஸ் பாக்கெட்லதான்.

துருத்தி:

உறை போடாமல்? மேல் தகட்டைக் கழற்று, இரண்டு மூடியும் எடுத்த பிறகு. ஸ்க்ரூவை வரிசை மாறாமல் ஒரு தட்டில் வை. நாலாவது ரீடை வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்துப் பார். எதையும் தூக்காதே.

கிடார்_பையன்:

அண்ணா... நீல நூல். ரீடுக்கும் தகட்டுக்கும் நடுவுல முடி மாதிரி ஒண்ணு. எடுத்துட்டு ஊதினேன், வந்துடுச்சு. இரண்டு வருஷமா இது இல்லாமலே வாசிச்சுட்டு இருந்தேன்.

பழைய_ஆர்மோனியம்:

தம்பி, நடு ஸட்ஜமே இல்லாமல் இரண்டு வருடமா!